கண்ணாடிக்காரியின் விண்கலம்

பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போனாளாம்! யார் பார்த்தது? மூன்றாம் மாடிக்காரி பார்த்தாளாம். அவள் எதைத்தான் பார்க்கவில்லை? ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவள். தெருவில் ஒருவன் தும்மினால், அவனுக்கு நுரையீரலே போய்விட்டது என்று சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கச் சொல்லி முடித்துவிடுவாள்.

"ஐம்பது வயசுப் பொம்பள, ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்காக அண்ணன் வீட்டை விட்டுப் போறா! அதை யாராவது ஒடச்சாங்களா? இல்ல. திருடினாங்களா? இல்ல. விழாம இருக்கட்டும்னு ஒட்டிக் குடுத்தாங்க. ஒட்டிக் குடுத்ததுக்கு இந்த ஆட்டமா?" என்று அவள் லிஃப்ட் வாசலில் நின்று கேட்க, சுற்றி நின்ற நாலு பேரும் தலையை ஆட்டினார்களாம். தலை இருக்கிறது, ஆட்டுகிறார்கள். அதற்குள் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் சந்தேகம்.

கண்ணாடிக்காரி ஓடவும் இல்லை, பொம்மையைத் தூக்கிக்கொண்டு போகவும் இல்லை. நடந்தது வேறு.

கண்ணாடிக்காரி என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி விற்கிறவள் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், கல் சுழலும் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, வட்டமாக வருகிற வில்லையை ஃபிரேமின் அளவுக்கு ஓரம் தேய்த்துப் பொருத்துகிறவள். கல்லில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். அவள் விரல் நுனிகள் எப்போதும் ஊறிப்போய் வெளுத்திருக்கும். கடையின் முன்பக்கம் கல்லாவில் இருக்கிறவளுக்கு ஊரில் நூறு பேரைத் தெரியும். பின்னறைக்காரியை யாருக்கும் தெரியாது. இந்தத் தெருவில் பாதிப் பேர் அவள் தேய்த்த வில்லை வழியாகத்தான் அவளைப் பற்றிப் புறம் பேசுகிறார்கள். அந்த மூன்றாம் மாடிக்காரியும் சேர்த்துத்தான்!

கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது அவள் பாடு, அதைத் தோண்ட வேண்டாம். அண்ணன் வீட்டில் சமையலறையை ஒட்டி, துணி துவைக்கும் இயந்திரம் நிற்கிற அறைதான் அவளுக்கு. இயந்திரம் சுற்றும்போது கட்டில் சேர்ந்து ஆடும். காலையில் எல்லோருக்கும் சாப்பாடு கட்டி வைத்துவிட்டுக் கடைக்குப் போவாள். திரும்பி வந்து காய்ந்த துணியை மடிப்பாள். அண்ணன் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டது, கூட்டி வந்தது, காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டது எல்லாம் இவள் கைதான். அண்ணன் இன்னமும் அவளைப் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவான். பாசமாம். ஐம்பதைத் தொட்டவளைப் பாப்பா என்று கூப்பிடுவதில் ஒரு வசதி இருக்கிறது. பாப்பாவை எதுவும் கேட்க வேண்டியதில்லை, சொன்னால் போதும்.

அண்ணன் மகளின் பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த அடுக்குக் கட்டைப் பெட்டி ஒன்றில்தான் எல்லாம் தொடங்கியது. குட்டி குட்டிப் பிளாஸ்டிக் துண்டுகள். ஒன்றின் தலையில் இருக்கிற குமிழ் இன்னொன்றின் அடியில் 'டிக்'கென்று உட்காரும். பிடித்தால் பிடித்தபடி நிற்கும், பிரித்தால் பிரிந்து வரும். அந்தப் பெண் ஒரு பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விட்டது. தரையைக் கூட்ட வந்த அத்தை, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தவள்தான். வில்லை ஃபிரேமுக்குள் போய் உட்காரும்போது வருகிற அதே 'டிக்'. ஆனால் இங்கே எந்த வாடிக்கையாளரும் 'மூக்குல அழுத்துது' என்று திரும்ப வருவதில்லை.

அப்புறம் தன் சம்பளத்தில் சின்னச் சின்னதாய் வாங்கினாள். கடைசியில் அந்தப் பெரிய விண்கலம். பெட்டியை வாசலுக்குள் நுழைக்கவே ஒரு பக்கம் சாய்க்க வேண்டியிருந்தது.

"ஃப்ரிட்ஜ் ஏதும் வாங்கியிருக்கியோ?" என்று அண்ணி கேட்டாள்.

"விண்கலம், அண்ணி."

"ஓ. எப்பக் கெளம்புற?"

அண்ணி நல்ல வாய்க்காரிதான், இல்லையென்று சொல்லவில்லை. அந்தப் பேச்சுக்கு அப்போது கண்ணாடிக்காரியும் சேர்ந்து சிரித்தாள்.

கட்டிலின் மேல் ஒரு பழைய கதவைப் போட்டு மேசையாக்கிக்கொண்டு, தான் தரையில் படுத்தாள். கடையில் ஒவ்வொருவர் ஃபிரேமையும் வில்லையையும் போட்டு வைக்கிற சின்னப் பிளாஸ்டிக் தட்டுகள் உண்டு. விளிம்பு உடைந்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவற்றையெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். தட்டுக்கு ஒரு வகைத் துண்டு. அந்தக் கலத்தில் சாம்பல் நிறமே இரண்டு விதம், குழல்விளக்கில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் ஜன்னலருகே உட்கார்ந்து பிரிப்பாள்.

கட்டி முடித்தபோது அது கதவில் பாதி நீளத்துக்கு வந்தது. தட்டையான முதுகு, பின்னால் வரிசையாகக் குழாய்கள், முன்னால் ஓட்டுகிறவர்கள் உட்கார ஒரு கண்ணாடிக் கூண்டு. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், 'ராக்கெட் நல்லாருக்கு' என்றார்கள். 'ராக்கெட் இல்ல, விண்கலம்' என்று திருத்தினாள். போய்விட்டார்கள்.

இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள், அதனால் நிதானமாகக் கேளுங்கள். அவளுக்கு அது முடிந்த பொருள் இல்லை. கொஞ்ச காலம் அப்படியே வைத்துப் பார்ப்பாள். அப்புறம் ஒரு நாள் செய்முறைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் திருப்பிக்கொண்டே ஒவ்வொரு துண்டாகக் கழற்றுவாள். எல்லாவற்றையும் வலைப்பையில் போட்டுச் சோப்புத் தண்ணீரில் அலசி, பால்கனியில் பழைய துணி விரித்துக் காயவைப்பாள். 'என்னடி, வத்தலா?' என்று மேலிருந்து மூன்றாம் மாடிக்காரி கத்துவாள். காய்ந்ததும் முதலிலிருந்து கட்டுவாள். ஒவ்வொரு முறையும் எதையாவது மாற்றுவாள். புத்தகத்தில் கூண்டுக்குள் ஒரே இருக்கைதான், அவள் இரண்டாக்கினாள். ஏறுகிற படியை அகலப்படுத்தினாள். பின்பக்கக் குழாய் வரிசைக்கு அடியில், புத்தகத்திலேயே இல்லாத ஒரு சின்ன அறையை வைத்தாள். அதற்கு ஜன்னல் உண்டு. உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி. யாருக்கு அந்த அறை என்று அவளும் சொல்லவில்லை, எவரும் கேட்கவில்லை.

இதுதான் அவளுக்கு இருந்த ஒன்று. பைக்கை வாராவாரம் கழுவித் துடைத்துத் தெருவையே ஈரமாக்குகிற ஆம்பளைக்கு அது பொழுதுபோக்கு. இவள் செய்தால் பைத்தியம்! நல்ல நியாயம்.

அண்ணனுக்கு விளக்குக் கடை. பெரிய தெருவில் இன்னொரு கடை திறந்தான். முன்னால் நீளமான கண்ணாடிக் காட்சிப்பெட்டி. அதற்குள் என்ன வைப்பது என்று யோசித்தவனுக்கு விண்கலம் ஞாபகம் வந்துவிட்டது.

"பாப்பா, அந்த ராக்கெட்டைக் கடைக்குக் குடு. உள்ள லைட் போட்டு வெச்சா ஜனம் நின்னு பாக்கும்."

"விண்கலம். ஒரு வாரம்தான், அண்ணே. தொங்க விடக் கூடாது. மேசைமேல இருக்கணும். யாரும் தொடக் கூடாது. ஒரு வாரம் கழிச்சு நானே வந்து பிரிச்சு எடுத்துக்குவேன்."

"சரிம்மா, சரி. உன் சாமான நான் திங்கவா போறேன்?"

பெரிய பெரிய பகுதிகளாகக் கழற்றி, தள்ளுவண்டியில் பழைய போர்வைகளை விரித்து எடுத்துப்போய், காட்சிப்பெட்டிக்குள் முழங்காலிட்டு அவளே பூட்டினாள். அண்ணன் கடையில் அலமாரி அடிக்க வந்திருந்த தச்சர் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார். "ஆணி இல்ல, பசை இல்ல, எப்படிம்மா நிக்குது?" என்றார். ஒரு துண்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, திரும்பப் பொருத்தச் சொன்னாள். 'டிக்'. அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

ஜனம் நின்றது. சாயங்காலமானால் கண்ணாடியில் மூக்குத் தடங்கள். யார் செய்தது என்று கேட்டவர்களிடம் அண்ணன், "நம்மதான். நம்ம வீட்லயே பண்ணது" என்று மார்பைத் தட்டிக்கொண்டான். நாலாவது நாள் கலத்துக்கு முன்னால் ஓர் அட்டை வந்து உட்கார்ந்தது: 'எங்கள் குடும்பத்தின் கைவண்ணம்.' பேருந்திலிருந்து அதைப் பார்த்தாள். எந்தக் குடும்பம்? எந்தக் கை? ஒரு துண்டு பிரித்துக் கொடுத்ததா அந்தக் குடும்பம்? தரையில் விழுந்த ஒன்றைப் பார்த்தால் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிற குடும்பம்! பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஒரு வாரம்தானே.

ஒரு வாரம் முடிந்தது. "இன்னும் ரெண்டு நாள், பாப்பா" என்றான். ரெண்டு நாள் போய், "இந்த மாசம் வியாபாரம் நல்லாப் போகுது, இருக்கட்டுமே" என்றான். அப்புறம் பேச்சே இல்லை. ஒரு மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், இரண்டு பையோடும் துண்டு பிரிக்கிற சின்ன நெம்புகோலோடும் அவளே போய்விட்டாள்.

காட்சிப்பெட்டியின் பக்கக் கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. தொட வேண்டியதுகூட இல்லை.

கலத்தின் முன்பக்கக் கூண்டு வெளுத்துப் புகைந்திருந்தது. உள்ளே இருந்த இரண்டு இருக்கைகளும் தெரியவில்லை. ஓரங்களிலெல்லாம் அதே வெள்ளைப் புகை. அவளுக்கு அது அன்றாடம் பார்க்கிற சமாசாரம். ஃபிரேம் உடைந்தால் கடைக்குக் கொண்டு வராமல், விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளுமே அந்தத் துளிப் பசையை வாங்கிச் சொந்தமாய் ஒட்டிக்கொண்டு, வில்லையெல்லாம் வெள்ளையாய்ப் படர்ந்த பிறகு, 'இதைத் தொடச்சுக் குடுங்க' என்று வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. துடைத்தால் போகாது. எதைப் போட்டாலும் போகாது. வருஷக்கணக்கில் அவர்களிடம் கத்தியிருக்கிறாள். வீட்டுக்கு வந்தும் சொல்லிப் புலம்பியிருக்கிறாள். அண்ணன் காதில் விழாமலா இருந்திருக்கும்?

முதுகின் மேலிருந்த ஒரு வட்டத் துண்டை நெம்பினாள். வரவில்லை. கொஞ்சம் அழுத்தினாள். துண்டு பாதியாக உடைந்து கையில் வந்தது.

"ஏ, ஏ! என்ன பண்ற?" அண்ணன் ஓடி வந்தான்.

"யாரு ஒட்டினது?"

"ஓ, அதுவா!" முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு. "லாரி போறப்பல்லாம் ஆடுச்சு, பாப்பா. ஒரு எறக்கை மாதிரி ஒண்ணு கழண்டு விழுந்துச்சு. அதான் தச்சரை விட்டு முழுசும் ஒட்டிட்டேன், ஒரு இடுக்கு விடாம. அடியில ஸ்க்ரூவும் போட்டாச்சு. இனிமே சுத்தியால அடிச்சாலும் அசையாது. எப்படி?"

பாராட்டை எதிர்பார்த்து நின்றானாம் மனுஷன்.

அலமாரிப் பக்கமிருந்து தச்சர் மெதுவாக வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும்.

"அம்மா, நீங்கதான் ஒட்டச் சொன்னதா மொதலாளி சொன்னாரும்மா. எனக்கும் மனசு வரல. ஒரு தடவ கேட்டேன்கூட. நீங்களே சொல்லிட்டீங்கன்னாரு."

அவள் அண்ணனைப் பார்த்தாள். "நான் சொன்னேனா?"

"அட, அந்த ஆளு கேள்வி மேல கேள்வி கேட்டாரு. வேலை ஆகணுமில்ல? ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"என்னைக் கேட்டியா?"

"உன்னை என்ன கேக்கறது, பாப்பா? வீட்டுப் பொருள்தானே!"

பின்னறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், இடைவேளை முடிந்துவிட்டது. உடைந்த பாதித் துண்டைக் கையில் மூடிக்கொண்டு கண்ணாடிக்காரி தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குத் திரும்பினாள். அன்று ஒரு வாடிக்கையாளரின் வில்லையைத் தேய்த்துத் தேய்த்து, ஃபிரேமில் நிற்காத அளவுக்குச் சின்னதாக்கிவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் பாழாக்கியது அது ஒன்றுதான். கல்லாவில் இருக்கிறவள் வந்து பார்த்து, என்ன ஏதென்று கேட்டாள்; கேட்டுவிட்டு, "சலவைக் கடைக்கு மேல எங்க சித்தி ரூம் காலியாத்தான் கெடக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அப்படியும் உடனே போனாளா? இல்லையே! சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். துணியை மடித்தாள். அண்ணன் வந்து சாப்பிட்டுக் கை கழுவும் வரை காத்திருந்து, கூடத்தில் போய் நின்றாள்.

"அண்ணே, ரெண்டே விஷயம். அந்த அட்டையை எடுத்துடு. அப்புறம், 'உன்னைக் கேட்டிருக்கணும்'னு ஒரு வார்த்தை சொல்லு."

"என்ன பாப்பா, இவ்ளோ சின்ன விஷயத்துக்கு..."

"சின்ன விஷயம்னா சொல்றதுல என்ன கஷ்டம்?"

அண்ணி குறுக்கே வந்தாள். "ஒடஞ்சிருந்தா அழலாம். ஒட்டினதுக்கு யாராவது அழுவாங்களா? எல்லாரும் சிரிக்கப் போறாங்க."

"அண்ணி, நீங்க போட்டிருக்கிற சட்டையை ஒடம்போட சேத்துத் தெச்சுட்டு, 'இனிமே கழலவே கழலாது பாருங்க, எவ்ளோ பத்திரம்'னு ஒருத்தர் சொன்னா சிரிப்பீங்களா?"

அண்ணி சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் பாதிப் பேச்சில் எழுந்து போவது அந்த வீட்டில் அபூர்வம்.

"வேற ஒண்ணு வாங்கித் தர்றேன், போதுமா?" என்றான் அண்ணன்.

"வேற ஒண்ணு கேக்கல. ஒரு வார்த்தைதான் கேக்கறேன்."

"இந்த வீட்டுக்குத் தலைவன் நான். ஒவ்வொண்ணுக்கும் உன்கிட்ட வந்து கையைக் கட்டிட்டு நின்னு கேட்டுட்டிருக்க முடியாது. போய்ப் படு, பாப்பா. காலைல எல்லாம் சரியாயிடும்."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. நாக்கைப் புரட்டினால் வந்துவிடும். அதைச் சொல்லியிருந்தால் இன்றைக்கும் அந்த வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டுதான் இருப்பாள். கலம் போனது போனதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இன்னொரு பெட்டியைச் சாய்த்து உள்ளே கொண்டு வந்திருப்பாள். மூன்றாம் மாடிக்காரிக்கு இது ஒன்றும் தெரியாது. ஜன்னலில் இருந்து பார்த்தால் கூடத்தில் நடப்பது தெரியாதல்லவா? தெரியாததை விட்டுவிடவும் மாட்டாளே!

காலையில் எல்லோருக்கும் சாப்பாடு கட்டி வைத்தாள். தன்னுடையதைக் கட்டவில்லை. அண்ணன் குளித்துவிட்டு வருவதற்குள் பெரிய தெருவுக்குப் போனாள். தச்சர், அண்ணன் கொடுத்திருந்த சாவியால் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கியிருந்தார்.

"இதை எடுத்துட்டுப் போறேன். ஸ்க்ரூவைக் கழட்டிக் குடுங்க."

அவர் யாரையும் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. படுத்து, மேசைக்கு அடியில் புகுந்து, எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தார். அட்டையை அவரே எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

முன்பு தள்ளுவண்டியில் போர்வை விரித்து, துண்டு துண்டாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு கொண்டுபோனதை இப்போது துணிக்கூடை மாதிரி இடுப்பில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். ஒன்றும் விழவில்லை, ஒன்றும் ஆடவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. தெருவில் ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். மூன்றாம் மாடிக்காரி ஜன்னலில் இருந்து பார்த்தது இதைத்தான். அவள் கலத்தோடு வீட்டை நோக்கி வந்ததைப் பார்த்துவிட்டு, கலத்தோடு வீட்டை விட்டுப் போனதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஆள் எந்தப் பக்கம் நடக்கிறாள் என்றுகூடத் தெரியாத கண்ணுக்கு என்ன வில்லை தேய்த்துப் போட்டு என்ன பிரயோஜனம்?

அண்ணன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்காரி அவன் தட்டை ஒரு ஓரமாய் நகர்த்தினாள். தண்ணீர்ச் செம்பை நகர்த்தினாள். கலத்தை மேசையின் நடுவில் வைத்தாள். மேசை முழுவதையும் அது எடுத்துக்கொண்டது.

"என்ன பாப்பா இது? சாப்பிடற எடத்துல?"

"வீட்டுப் பொருள். வீட்லயே இருக்கட்டும்."

"ஏங்க, அப்ப கடைல?" என்று அண்ணி பதறினாள். "முன்னாடி காலியா நிக்குமே!"

கண்ணாடிக்காரி தன் அறைக்குப் போனாள். முந்தின இரவே கட்டி வைத்த பையைத் தோளில் மாட்டினாள். செய்முறைப் புத்தகத்தை எடுக்கவில்லை. அது அந்தக் கதவுப்பலகையின் மேலேயே கிடந்தது. விளிம்பு உடைந்த தட்டுகளை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நாடாவால் கட்டி வைத்திருந்தாள். அதை ஒரு கையில் எடுத்துக்கொண்டாள்.

வாசல் கதவைத் திறக்கும்போதுதான் அண்ணனுக்கு விஷயம் பிடிபட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"ஏய், எங்க போற?"

"வேலைக்கு. சாயங்காலம் இங்க வரமாட்டேன்."

"யாரைக் கேட்டுப் போற நீ?"

கண்ணாடிக்காரி வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"கேக்கணும்ங்கறது உனக்கும் தெரிஞ்சுதான் இருக்கு, அண்ணே" என்றாள்.

லிஃப்டுக்காக நிற்கவில்லை. படியிலேயே இறங்கினாள். காலித் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே கூட இறங்கின.